இடிக்கப் போகிற வீடு

ஏரிக்கரையில் ஒரு பழைய வீடும், வீட்டைச் சுற்றி விஸ்தாரமான காலி மனையும், மனையைப் பற்றி ஓயாத வாயும் உடைய பெரியவரை நீங்கள் அறியாதிருக்க முடியாது. கேமரன் மலையில், ரிங்லெட் நீர்த்தேக்கத்தின் ஓரமாக உள்ள அவருடைய வீட்டின் மாடியில் குடியிருக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. அவருக்கு மேலே நான். எனக்கு மேலே துருப்பிடித்த தகரம். அதற்கும் மேலே இந்த மலையின் மழை.

அவருடைய தகப்பனார் தேயிலைத் தோட்டத்துக் கிராணி. சீமைக்குத் திரும்பிய துரை ஒருவரிடம் அவர் வாங்கிய பங்களா இது. வீடு ஏரியைத் தேடிப் போகவில்லை. பெர்த்தாம் ஆற்றை மறித்து 1963-இல் சுல்தான் அபு பாக்கார் அணை எழுந்தபோது, ஏரிதான் வீட்டைத் தேடி வந்தது. வலிய வந்த லக்ஷ்மியைப் பன்மடங்காகப் பெருக்குவதே தம் ஜன்ம காரியம் என்று பெரியவர் நம்புகிறார்.

1885-இல் இம்மலையை அளக்க வந்த வில்லியம் கேமரன், தாம் கண்ட பீடபூமியை வரைபடத்தில் சரிவரக் குறிக்காமலே போய்விட்டார். அந்தக் குறையை நம்மவர் தினந்தோறும் நிவர்த்தி செய்கிறார். பனி விலகுமுன் கைத்தடியுடன் இறங்கி, அடிமேல் அடி வைத்து அளந்து, "இங்கே பன்னிரண்டு மாடி, தம்பி, அங்கே நீச்சல் குளம்" என்று, கம்பளிக் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டே, பக்கத்து ஏரியைச் சற்றும் லட்சியம் செய்யாமல் சொல்லுவார்.

இதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது, எந்தப் பழுதைச் சொன்னாலும் அவர் அருளும் ஒரே மந்திரம்: "இடிக்கப் போற வீட்டுக்கு எதுக்கு தம்பி ஆணி?" தாழ்ப்பாள் கழன்றது என்றால், கதவே போகப் போகிறதாம். மூன்றாவது படி உளுத்துவிட்டது என்றால், வரப்போகிற கட்டடத்தில் லிஃப்ட் உண்டாம். தினக்காலண்டர் மாட்ட மெய்யாகவே ஓர் ஆணி கேட்டேன்; சுவரையே சுட்டிக்காட்டி அநுதாபத்துடன் சிரித்தார். நான் பிறப்பதற்கு முன்பே இடிபடத் தொடங்கிய வீடு இது என்று அண்டை வீட்டார் சொல்லுகிறார்கள். என் அறையில் ஆறு பாத்திரங்கள் ஒழுக்கு ஏந்துகின்றன. அவற்றுள் பால்மாவு டின் எழுப்பும் நாதம் தனி. அது 'டக்' என்பதிலிருந்து 'டொளக்' என்பதற்கு மாறினால், எழுந்து கொட்ட வேண்டிய வேளை வந்துவிட்டது என்று தூக்கத்திலும் அறிவேன்.

இதற்கிடையே, காய்கறித் தோட்டங்களிலிருந்தும் வெட்டிய மலைச்சரிவுகளிலிருந்தும் மழைதோறும் வரும் மண், ஏரியைத் தூர்த்துக்கொண்டிருக்கிறது. நிலமோ 99 வருஷக் குத்தகை. பெரியவரின் வாயில் விலை ஏற ஏற, ஏரியின் ஆழமும் குத்தகையின் மிச்சமும் குறைந்துகொண்டே போகின்றன.

ஒரு நாள் ஈப்போவிலிருந்து ஒரு தவுக்கே மெய்யான பணத்துடன் வந்தார். ஒரு கோப்பைத் தேநீர் முடிவதற்குள் விலையை மூன்று தடவை ஏற்றி, அவரை வழியனுப்பி வைத்தார் பெரியவர். அன்று மாலை அவர் தோள்துண்டால் மாடிப்படியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். "வித்துட்டு எங்கே தம்பி போறது?" என்றார். எனக்குச் சொல்ல வார்த்தை எழவில்லை. மறுநாள் ஏழாவது பாத்திரத்தை நானே மௌனமாக வாங்கி வந்து வைத்தேன்.

ஆயினும், இதையும் சொல்லியாக வேண்டும்: இந்த மாதம் வாடகை ஐம்பது வெள்ளி ஏறியிருக்கிறது. காரணம் கேட்டேன். "ஏரிக்கரை வீடு, தம்பி" என்றார்.