குருவி இல்லை அம்மா, அலாரம்

கிளாஸ்கோ

அன்புள்ள அம்மா, அப்பா,

போன கிழமை வீடியோ கோலில், "பின்னால என்னடி கீச்சுனு கத்துது, அந்தக் குளிர்ல குருவி வளக்கிறியா?" என்று கேட்டீங்களே அம்மா, நான் வாய் திறப்பதற்குள் உங்க டேட்டா முடிந்துவிட்டது. அது குருவி இல்லை. சீலிங்கில் இருக்கும் புகை அலாரம். பேட்டரி சாகப்போகிறதென்று நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தும். யாராவது மாற்றும்வரை ராப்பகலாகக் கத்தும்.

ஸ்கொட்லாந்தில் 2022 பெப்ரவரியிலிருந்து இது சட்டம். எந்த வீடானாலும் ஹாலில் ஒன்று, நடைவழியில் ஒன்று, குசினியில் ஒன்று இருக்கணும். ஒன்று கத்தினால் மற்றதெல்லாம் சேர்ந்து கத்தணும். லண்டனில் கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் கட்டடம் 2017இல் எரிந்ததே, ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் பிடித்த தீயில் 72 பேர் செத்தார்களே, அதற்குப் பிறகு வந்தது. அதனால் சட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். அதோடு குடித்தனம் நடத்துவதுதான் கஷ்டம்.

எந்த அலாரத்துக்குச் சாவு வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பதே பெரிய வித்தை. நடுச்சாமத்தில் நானும், கூடக் குடியிருக்கும் நீர்கொழும்பு அக்காவும், கேரளத்துப் பிள்ளையும் போர்வையைச் சுற்றிக்கொண்டு ஆளுக்கொரு அலாரத்துக்குக் கீழே அண்ணாந்து நிற்போம். ஒரு நிமிஷம் மூச்சு விட மாட்டோம். கீச்! "என்னோடது" என்பாள் அக்கா. "இல்ல, என்னோடது" என்பாள் மற்றவள். மறுபடி ஒரு நிமிஷம். கண்டுபிடித்தாலும் என்ன? பழங்காலக் கல்வீடு, கதிரை மேல் கதிரை போட்டாலும் சீலிங் எட்டாது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் "ஆள் அனுப்புறேன்" என்கிறார். கூரைத் தகரம் கேட்டு நாம் போகும்போது தோட்டத்தில் சொல்வார்களே, அதே பதில்தான், இங்கிலீஷில்.

அப்பா இதன் உள் வேலையைக் கேட்பார், சொல்கிறேன். ஹாலில் இருப்பதற்குள்ளே இருட்டான சின்ன அறை ஒன்று. ஒரு பக்கம் வெளிச்சம், அது நேராகப் படாத மூலையில் ஒரு மின்கண். புகை நுழைந்தால் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி கண்ணில் விழும், உடனே அலறும். குசினியில் இருப்பது புகையைக் கவனிக்காது, சூட்டைத்தான் பார்க்கும். 60 பாகைக்குக் கிட்ட வந்தால் கத்தும். ரப்பர் சீட் காயப்போடும் அப்பாவின் புகைக்கூட்டுச் சூடே அதை நெருங்கும். அப்பா வேலை முடிந்து வந்த சட்டையோடு இந்த வீட்டு வாசலில் நின்றால் போதும், தெருவே வெளியே ஓடிவரும்.

நீங்க கொடுத்துவிட்ட கருவாட்டைப் பொரித்த அன்றைக்கு அப்படித்தான் ஆனது. குசினிக் கதவைச் சாத்த மறந்துவிட்டாள் கேரளத்துப் பிள்ளை. ஹால் அலாரம் தொடங்கியது, மற்ற எல்லாம் கூடச் சேர்ந்தது. 3 மீற்றர் தூரத்தில் 85 டெசிபல் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது, காலையில் வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அதன் பக்கத்தில் நிற்காது. நீங்க கொடுத்துவிட்ட தீபாவளிச் சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து விசிறினோம். மேல்வீட்டு ஐயா கதவைத் தட்டி, நெருப்பா என்று கேட்கவில்லை. யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார்.

வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் புதன்கிழமை காலையில் அலாரம் சோதிப்பார்கள். மணி அடித்ததும் காந்தத்தில் பிடித்துவைத்த கதவுகளெல்லாம் தானாகச் சாத்திக்கொள்ளும், தீயும் புகையும் அடுத்த பக்கம் போகாமலிருக்க. ஒரு பாட்டி அதைத் தேத்தண்ணி மணி என்றே நம்பி கோப்பையை நீட்டுவார். நானும் ஊற்றிக் கொடுத்துவிடுவேன்.

அந்தக் கதவுகள் சாத்தும்போதெல்லாம் நம்ம லயம்தான் ஞாபகம் வரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, கூரையைத் தொடாத சுவர், முதல் வீட்டுப் புகை கடைசி வீட்டில் இருமும். இலங்கைக்கு வந்த தோட்டத் துரைமாரில் நிறையப் பேர் இந்த நாட்டுக்காரர்கள். 1867இல் லூல்கந்துரவில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். லிப்டன் துரை பிறந்ததும் புதைக்கப்பட்டதும் கிளாஸ்கோவில். இங்கே அலாரங்களைத் தொடுத்திருக்கிறார்கள், நமக்கு வீடுகளைத் தொடுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு காம்பராவில் மின்னொழுக்கு என்றால் இருபது குடும்பம் பள்ளிக்கூடத்தில் படுக்கிறது. தீயணைப்பு வண்டி நம்ம தோட்ட ரோட்டில் ஏறி வருவதற்குள் எல்லாம் சாம்பல். இதை எழுதும்போது சிரிப்பு வரவில்லை அம்மா.

அடுத்த பெட்டியில் பேட்டரி அலாரம் இரண்டு வரும். ஒன்றை நாம் படுக்கிற காம்பராவில் மாட்டுங்க, அடுப்புப் பக்கம் வேண்டாம், விறகுப் புகைக்கு விடியவிடியக் கத்தும். மற்றதைக் கடைசி வீட்டுச் சின்னம்மாவுக்குக் கொடுங்க. மாதம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாருங்க. ஆனால் அதற்கு முந்தி, டீவிக்குப் பின்னால் பிளாஸ்டர் சுற்றி ஒட்டுப்போட்ட வயரை, கரண்ட் வேலை தெரிந்த பாஸைக் கூப்பிட்டு இந்த மாதக் காசிலேயே மாற்றிவிடுங்க. தம்பியின் போன் அடுத்த மாதம் வாங்கலாம்.

உங்கள்
மூத்த மகள்