நோண்டல் அழியாமை விதி: கணினிக் கார்புரேட்டர் பொருத்திய நடுத்தரச் சங்கிலி ரம்பத்தின் உடைமையாளர் கூற்றுகளை முன்வைத்து

மனிதன் கருவி என்று ஒன்றைக் கையில் எடுத்த நாள்முதல் அதை நோண்டிக்கொண்டே இருக்கிறான். இதற்குச் சான்று கேட்பவர் தம் வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்து, அங்கே கிடக்கும் சொந்தக்காரன் தெரியாத திருகாணிகளை எண்ணிக்கொள்ளலாம். ஆனால் நோண்ட இடமே இல்லாத கருவியை அவனிடம் கொடுத்தால் அந்த நோண்டல் எங்கே போகிறது? இவ்வினாவுக்கு அறிஞர் உலகம் உரிய மதிப்பைத் தந்ததாகத் தெரியவில்லை. இதற்கு வாய்த்த நல்ல களம் அமெரிக்காவின் வெர்மான்ட், மெய்ன், மிச்சிகன் போன்ற மாநிலங்கள். அங்கே குளிர்காலத்துக்கு விறகு சேர்க்கும் வீட்டுக்காரர்களிடம் இருக்கும் 50 சிசி சங்கிலி ரம்பமும், அதைப் பற்றி அவர்கள் எழுதி வெளியிடும் கூற்றுகளுமே நம் ஆய்வுப்பொருள். கட்டுரையின் துணிபு இது: நோண்டலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது, இடம் மாற்றத்தான் முடியும். கார்புரேட்டரிலிருந்து துரத்தப்பட்ட நோண்டல் ரம்பத்தின் மற்ற உறுப்புகளுக்குக் குடிபெயர்கிறது. அங்கும் இடம் போதாமல் மிஞ்சுவது உடைமையாளரிடமிருந்து கூற்றாக வெளியேறுகிறது.

முதலில் பழைய நிலை. கார்புரேட்டரின் பக்கத்தில் இரண்டு கலவைத் திருகுகள் இருந்தன: முழு வேகத்துக்கு எச், குறைந்த வேகத்துக்கு எல். ஐட்லிங்குக்கு மூன்றாவதாக ஒன்று. எஞ்சின் டூ-ஸ்ட்ரோக் வகை. பெட்ரோலில் ஐம்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்துவிடும் எண்ணெயைத் தவிர பிஸ்டனுக்கு வேறு உயவு கிடையாது. எச் திருகை உள்ளே முறுக்கிப் பெட்ரோலைக் குறைத்தால், முதலில் ரம்பம் அதுவரை காட்டாத உற்சாகத்தோடு சுழலும். பிறகு எண்ணெயும் குறைந்து சூடும் ஏறி, பிஸ்டன் சிலிண்டரைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் கூடிவிட்டால் புகையும் சோம்பலும்தான். இரண்டுக்கும் நடுவே நிறுத்தக் காதே அளவுகோல். ரம்பத்தை மரத்தில் வைக்காமல் முழு வேகத்தில் ஓட்டும்போது கலவை சற்றுக் கூடுதலாக இருந்தால் சில சுற்றுகளில் தீப்பற்றாமல் போய், ஒலி ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினுடையதுபோல் கரகரக்கும். மரத்தில் அழுத்தியதும் கரகரப்பு நீங்கி ஒலி தெளிந்துவிட்டால் டியூனிங் சரி. சரியாகக் கேட்டவர்கள் பக்கத்து வீட்டு ரம்பத்துக்கும் காது கொடுத்தார்கள். தவறாகக் கேட்டவர்கள் புது பிஸ்டன் வாங்கினார்கள். பின்னர் அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. திருகுகள் ஓரளவுக்கு மேல் சுழலாதபடி உற்பத்தியாளர்கள் தொப்பி மாட்டினார்கள். நோண்டுபவர்கள் முதல் வேலையாகத் தொப்பியைப் பிடுங்கினார்கள். நம் விதி தன்னை வெளிப்படையாகக் காட்டிக்கொண்ட முதல் நிகழ்வாக இதைக் கொள்ளலாம்.

அடுத்து வந்தது கணினி. 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னா இதற்கு ‘ஆட்டோடியூன்’ என்று பெயரிட்டது. 1926-இல் ஆண்ட்ரியாஸ் ஷ்டீல் ஸ்டுட்கார்ட்டில் தொடங்கிய நிறுவனம் ‘எம்-ட்ரானிக்’ என்றது. முன்னதன் 550 எக்ஸ்பி 50.1 சிசி, பின்னதன் எம்எஸ் 261 சி-எம் 50.2 சிசி. இந்த 0.1 சிசியின் மேல் எழுப்பப்பட்டுள்ள வாதக் கோபுரங்கள் தனி ஆய்வுக்குரியவை. இரண்டிலும் கலவைத் திருகுகள் இல்லை. பிளைவீல் சுழல்வதிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. தனியே பேட்டரி கிடையாது. பெட்டி எரிபொருளைச் சற்றே மாற்றிப் பார்க்கும். சுழற்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கவனிக்கும். அதற்கேற்ப மின்வால்வைத் திறந்து மூடும். புகையைச் சோதிக்கும் உணரி எதுவும் இல்லை. காது செய்த வேலையைத்தான் இதுவும் செய்கிறது, ஓயாமலும் பெருமையடிக்காமலும். எஞ்சினை அணைத்தாலும் கடைசியாக எட்டிய அளவு நினைவில் நிற்கும்.

இனி உடைமையாளர் கூற்றுகள். வெட்டிய மரத்தின் மேல் ரம்பத்தை அமர்த்தி எடுத்த படம் ஒன்று கூற்றின் முகப்பில் இருக்கும். காப்புச் செய்யுள் இல்லாமல் காப்பியம் தொடங்குவதில்லை. பிறகு எடை, சங்கிலி ஓடும் பட்டையின் நீளம், குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்பியது, சூடான எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்பியது, ஓக் எப்படி, மேப்பிள் எப்படி என்று விரியும். உச்சமாக ஏறக்குறைய எல்லாரும் சொல்வது ஒன்று உண்டு: “நாலைந்து டேங்க் ஓடியதும் ரம்பம் என் வேலையைக் கற்றுக்கொண்டது.” இவ்வாக்கியத்தை ஆய்வாளர் நிறுத்தி விசாரிக்க வேண்டும். கற்றுக்கொள்வதாகச் சந்தேகிக்கப்படுவோர் மூவர். ஒன்று கட்டுப்பாட்டுப் பெட்டி. அது காற்றையும் பெட்ரோலையும் வடிகட்டியில் படிந்த தூசியையும் கணக்கில் எடுக்கிறதே தவிர, ஓட்டுபவர் யார் என்று கேட்பதே இல்லை. அதற்குப் பல டேங்க் பெட்ரோலும் தேவையில்லை. இரண்டாவது பிஸ்டன் வளையங்கள். புது எஞ்சினில் அவை சிலிண்டர் சுவரோடு தேய்ந்து பொருந்தச் சில டேங்க் ஆகும். பொருந்தியதும் அழுத்தம் கூடி வலு ஏறும். கணினி இல்லாத காலத்து ரம்பத்திலும் இதுவே நடந்தது. மூன்றாவது உடைமையாளரின் கைகள். ரம்பத்தை அமுக்காமல் தன் எடையிலேயே இறங்க விட வேண்டும் என்பது அவற்றுக்குப் புரியவும் அதே நாலைந்து டேங்க் ஆகும். மூன்றும் ஒரே வேளையில் நடப்பதால் யார் தேறினார் என்பதைப் பிரித்தறிய வழியில்லை. இருந்தும் பாராட்டு தவறாமல் கணினிக்கே போகிறது. தாம் நோண்டாத ஒன்றைப் பற்றி நாலு பக்கம் பேசுவதற்கு அது கற்றுக்கொண்டதாகச் சொல்வதைவிட நல்ல சாக்கு வேறென்ன இருக்கிறது?

குடிபெயர்வுக்கு வலுவான சான்று சைலன்சர். திருகுகள் இருந்த காலத்தில் சைலன்சரின் வாயை அகலமாக வெட்டினால் கார்புரேட்டரையும் திருத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் பெட்ரோல் பற்றாமல் பிஸ்டன் போய்விடும். அந்த அச்சம் பலரைத் தடுத்து வைத்திருந்தது. இப்போது “கணினி தானே சரிக்கட்டிக்கொள்ளும்” என்று துளைபோடும் கருவியை எடுத்துவிடுகிறார்கள். நோண்டலைத் தடுக்க வந்த சாதனம் நோண்டலுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறது! பெட்டி ஈடுகட்டும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதும், சைலன்சரிலுள்ள பொறித்தடுப்பு வலையைக் கழற்றிய ரம்பத்தைக் கூட்டாட்சி அரசின் காடுகளுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பதும் இக்கூற்றுகளின் அடிக்குறிப்பில்கூட இடம்பெறுவதில்லை. மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சங்கிலிப் பல்லை எந்தக் கோணத்தில் அரம் போடுவது என்பதிலும், எந்த எண்ணெயைக் கலப்பது என்பதிலும் புதிய சிரத்தை பிறந்திருக்கிறது. கையேடு அனுமதிக்கும் சடங்கு ஒன்றும் எஞ்சியிருக்கிறது: சிறிது நேரம் ஐட்லிங், பிறகு முழு வேகம், சுழற்சி தானே இறங்கும்வரை காத்திருத்தல். கார்புரேட்டரைப் பழக்கப்படுத்தும் இச்சடங்கு உதிரிபாகம் மாற்றுவது போன்ற சந்தர்ப்பங்களுக்கு உரியது. நடைமுறையில் அது சனிக்கிழமைகளுக்கு உரியதாகிவிட்டது.

அற்றேல், கணினி மெய்யாகவே பயன் தருகிறதே, அதைப் பேசுவது எப்படி நோண்டலாகும் எனின், பயனை எவரும் மறுக்கவில்லை. டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. கீழே டியூன் செய்த ரம்பம் அங்கே புகைந்துதான் ஓடும். வெர்மான்டில் மைனஸ் 20 டிகிரிக் காற்று, கோடையின் 30 டிகிரிக் காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி கூடியது. இவற்றைக் கணினி மனிதக் காதைவிட நன்றாகவே சமாளிக்கிறது. ஆனால் நம் உடைமையாளர் டென்வருக்கு ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. விறகு வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பருவத்துக்கு ஒருமுறை திருகைத் தொட்டாலே அவருக்குப் போதுமாயிருந்தது. வாரந்தோறும் தொட்டாரென்றால் மிகுதிக்குக் காற்றின் அடர்த்தியைக் காரணம் காட்ட முடியாது. தொழில்முறை மரவெட்டிகள் இப்படி நோண்டுவதில்லையே எனின், உண்மை. வெட்டும் அளவுக்குக் கூலி பெறுபவருக்கு ரம்பம் கிளம்பினால் நன்று, கிளம்பாவிட்டால் அடுத்த ரம்பம். அவர் நீண்ட கூற்றும் எழுதுவதில்லை. நோண்டாதவர் எழுதுவதுமில்லை என்பது நம் விதிக்கு அரண் சேர்க்கிறது. எந்தப் புதுப்பொருள் வாங்கினாலும் மனிதர் பேசத்தானே செய்வார்கள் என்ற மூன்றாம் மறுப்பு மேலோட்டமானது. குக்கர் வாங்கியவர் விசிலை எண்ணுவார். வெயிட்டைக் கழற்றித் துளையை அகலப்படுத்திவிட்டு, சோறு முன்னைவிட வீரியமாக வெந்தது என்று உலகுக்கு அறிவிப்பதில்லை.

இதுவரை எவரும் கைவைக்காத ஆவணம் ஒன்று இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டி தன் பங்குக்குக் குறிப்பு எழுதி வைக்கிறது. டீலரிடமுள்ள சோதனைக் கருவியைக் கம்பியால் இணைத்தால் எஞ்சின் மொத்தம் எவ்வளவு நேரம் ஓடியது, என்னென்ன பிழைகள் பதிவாகின என்பதெல்லாம் தெரிந்துவிடும். உடைமையாளர் ரம்பத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொண்டிருந்த காலமெல்லாம் ரம்பம் உடைமையாளரைப் பற்றிச் சில எண்களில் சொல்லி முடித்துவிட்டது. மரத்தை அறுத்த நேரம் அதில் பதிவாகியிருக்கிறது. வாசகரை அறுத்த நேரத்தை அளக்கத்தான் கருவி இல்லை. இரண்டு ஆவணங்களையும் எதிரெதிரே வைத்து ஒப்பிடுவதே அடுத்த கட்ட ஆய்வு. கம்பி டீலரிடம் கிடைக்கும், ஆனால் உடைமையாளரின் சம்மதமும் வேண்டும். ‘கடும் உழைப்பு’ என்ற தொடர் கூற்றில் எத்தனைக்கெத்தனை அதிகம் வருகிறதோ அத்தனைக்கத்தனை சம்மதம் கிடைப்பது அரிது என்பது இக்கட்டுரையின் ஊகம். அதை மெய்ப்பிப்பதற்கும் அதே கம்பிதான் வேண்டியிருக்கிறது.