லெட்சுமியும் மஞ்சள் கட்டங்களும்

பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் தரம் பிரிக்கக் கடினமானது கொழுந்து என்று வெளியார் எண்ணுவர். அலுவலகத்தாரைக் கேட்டால் பெயர் என்பார்கள். பிறப்புச் சான்றிதழில் லெட்சுமியாகவும், அடையாள அட்டையில் இலட்சுமியாகவும், அன்றாட வரவைப் பதிந்து சம்பளம் கணக்கிடும் பேரேடாகிய செக்ரோலில் லெச்சுமியாகவும் வாழ்ந்துவிட்ட ஒருவர், தம் பங்கு 8 வீதமும் தோட்டத்தின் பங்கு 12 வீதமும் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியைப் பெற வரும்போது, மூவரும் ஒருவரே என்று காட்டவேண்டிய பொறுப்பு கிளாக்கரின் தலையில் விழுகிறது.

பெயர்ப்பட்டியல் எக்செல் தாளில் இருந்தால், இதற்கு அம்மென்பொருள் காட்டும் வழி மாக்ரோ, அதாவது கணினி தானே செய்துமுடிக்குமாறு எழுதிவைக்கும் கட்டளைத் தொகுதி. அதை எழுதும் விபிஏ மொழி எக்செலுக்கு வந்தது 1993இல். தோட்ட நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனது 1992இல். இரண்டுக்கும் தொடர்பில்லை எனினும் இரண்டும் கிளாக்கர் தலையிலேயே விடிந்தன. ஒரு சொல்லுக்குள் இன்னொரு சொல்துண்டு எத்தனையாவது இடத்தில் தொடங்குகிறது என்று ‘இன்ஸ்டர்’ என்னும் கட்டளை எண்ணாகச் சொல்லும், இல்லையேல் பூச்சியம் தரும். பூச்சியத்துக்கு மேற்பட்டால் அக்கட்டத்தை மஞ்சளாக்கு என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

முடிந்ததுபோலத்தான் தோன்றும். ‘சுமி’ என்று தேடினால் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு லெட்சுமிகள் அனைவரும் எழுத்து வேறுபாடின்றி மஞ்சள் பூசிக்கொள்வர். கூடவே குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளைக்காம்பராவில் வேலைசெய்யும் சுமித்ராவும், ஒருநாளும் கொழுந்து கிள்ளியிராத லொறிச் சாரதி சுமித்தும் மஞ்சளாவார்கள், ‘லக்ஷ்மி’ என்று எழுதப்பட்டவர் மட்டும் வெள்ளையாகவே நிற்பார். குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு அரைநாட் சம்பளம் எழுதுவதை ‘அரைப்பேர்’ என்னும் தோட்டத்தில், அரைப்பெயருக்கு முழு வண்ணம் கொடுப்பது மாக்ரோ ஒன்றுதான்.

யுனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடுகளாதலால் ‘முத்த’ என்று தேடினால் முத்தம்மாவோடு முத்தையா, முத்துசாமி, மாரிமுத்து என்று தொழிலாளர் குடியிருப்பாகிய லயமே எழுந்து வரும். பெரிய துரை, சின்ன துரை என்ற பேதம் தோட்டத்துக்கு உண்டு, தமிழ் எழுத்துக்கு இல்லை. எனவே ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளை ஒன்றாகக் கொள்ளச்செய்யும் ஏற்பாடு இங்கே உதவாது. விபிஏ சாளரமோ பெரும்பாலான கணினிகளில் தமிழைக் கேள்விக்குறிகளாகவே காட்டும். ‘க’ வேண்டுமானால் 2965 என்று எண்ணால் அழைக்கவேண்டும். அதைவிடத் தேடுசொல்லைத் தாளின் ஒரு கட்டத்தில் தட்டி, அங்கிருந்து மாக்ரோவை வாசிக்கச்செய்வது மேல். பெயரை விட்டுச் சேமலாப நிதி அங்கத்துவ எண்ணைத் தேடுவது அதனினும் மேல்.

மாக்ரோ பூசிய வண்ணத்தை ‘அன்டூ’ பொத்தான் அழித்துத் தராது; ஆகவே கோப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டே மாக்ரோவை ஓட்டுக.