தலைச்சாயக் கறையியல்: வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

கொழும்புத் தமிழரின் இடப்பெயர்வு, சீதனம், தொடர்மாடிப் பராமரிப்புக் கட்டணம் ஆகியவை பற்றி எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். சேட்டுக் கழுத்துப்பட்டையின் உட்புறத்தில் ஓடும் கபில நிறக் கோட்டைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. காரணம் எளிது. கறையைப் பற்றிப் பேசினால் தலையைப் பற்றியும் பேச வேண்டிவரும். தகவல் தந்த ஆண்கள் பலர் அது தேநீர்க் கறை என்றே முதலில் வாக்குமூலம் அளித்தனர். பிடரியால் தேநீர் குடிக்கும் வழக்கம் இவ்விரு பகுதிகளிலும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே ஆய்வு அவசியமாயிற்று.

களத் தேர்வுக்கும் நியாயம் உண்டு. வெள்ளவத்தை ஒருகாலத்தில் நூற்பு நெசவாலை இயங்கிய இடம். 1933இல் அங்கே நடந்த வேலைநிறுத்தத்தில்தான் கொல்வின் ஆர். டி சில்வா போன்ற இளம் இடதுசாரிகள் தொழிற்சங்க அரங்கில் கால் பதித்தார்கள். துணி நெய்த ஊர், இன்று காலி வீதி நெடுகத் துணி விற்கிறது; மாடிகளில் அதைக் கெடுக்கிறது. கொட்டாஞ்சேனை ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டது. பேச்சில், பலகாரத்தில், கோயில் குளத்தில் வேறுபடும் இவ்விரு பகுதிகளும் கழுத்துப்பட்டையில் ஒன்றுபடுவது இவ்வாய்வின் முதற் கண்டுபிடிப்பு.

2. முன்னோர் ஆய்வுகள்

துறையின் முன்னோடி பிசிராந்தையார். ஆண்டுகள் பல சென்றும் தமக்கு நரை வராததற்குப் புறநானூற்று 191ஆம் பாட்டில் அவர் காரணம் சொல்கிறார்: நல்ல மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாத அரசன், ஊரில் அடக்கமுள்ள சான்றோர். இவற்றுள் முதல் இரண்டைப் பற்றிக் கருத்துக் கூற இவ்வாய்வாளருக்கு வீட்டில் அனுமதி இல்லை. நான்காவதைப் பற்றி இலங்கையருக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தொடர்மாடி நிர்வாகக் கூட்டத்துக்கு ஒருமுறை போய்வந்தவர் ஐந்தாவதைத் தேடுவதை விட்டுவிடுவார். இந்த ஐந்தும் கூடிவராதவர்களுக்கு ஆறாவதாக உள்ளது, பாமசியில் விற்கும் பக்கெற்.

எதிர்த்திசைச் சான்றும் உண்டு. இளவயதுக் கரிகாலன் நரைமுடி தரித்து, முதியவனாகத் தோன்றி வழக்குத் தீர்த்ததைப் பழமொழி நானூறு குறிப்பிடுகிறது. கறுப்பை வெள்ளையாக்கிய சோழனுக்கு உடுப்பில் கறை பட்டதாகச் செய்தி இல்லை. வெள்ளையைக் கறுப்பாக்குவோருக்கே இத்துன்பம்.

3. திணைப் பாகுபாடு

தொல்காப்பிய நெறிப்படி இதற்கும் முதல், கரு, உரி வகுக்கலாம். நிலம்: குளியலறையும் குளியலறை சார்ந்த இடமும். சிறுபொழுது: வீட்டார் கண்ணயரும் மத்தியானம். பெரும்பொழுது: வெள்ளவத்தையில் ஆடிவேலும் வெளிநாட்டு உறவினர் வந்திறங்கும் ஓகஸ்ட் மாதமும், கொட்டாஞ்சேனையில் டிசம்பர் 13, புனித லூசியா திருநாளுக்கு முந்திய வாரம். கலியாணம் இரு பகுதிக்கும் பொது. கருப்பொருள்: கைவிடப்பட்ட பல் பிரஷ், விளிம்பு உடைந்த கிண்ணம், ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை. உரிப்பொருள்: மறைத்தலும் மறைத்தல் நிமித்தமும்.

கறை மூவகைப்படும். பூசும்போது விழுவது சொட்டுக்கறை. தலை துவட்டும்போது துவாயிலும், படுக்கும்போது தலையணை உறையிலும் பதிவது ஒற்றுக்கறை. சரியாக அலசப்படாத சாயம் கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையோடு இறங்கிக் கழுத்துப்பட்டையில் தங்குவது வியர்வைக்கறை. ஒற்றுக்கறை பெரும்பாலும் பிறர் பொருளிலேயே படும் என்பது கள அவதானம். இதை ஒட்டி ஒரு வீட்டில் பதிவான உரையாடல் வருமாறு:

“இஞ்சாருங்கோ, என்ர புதுத் துவாயில இதென்ன?”

“தெரியாதப்பா. கரப்பொத்தான் ஏதும் நசிஞ்சிருக்கும்.”

“அந்தக் கரப்பொத்தானுக்குச் சொல்லுங்கோ, இனிப் பழந்துவாயில தலை துடைக்கச் சொல்லி.”

4. கறையின் தோற்றம்

1856இல் வில்லியம் பெர்கின் என்ற 18 வயது லண்டன் மாணவர் மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்று தோற்றார். மிஞ்சிய கரிய படிவில் மதுசாரம் பட்டபோது ஊதா நிறம் எழுந்தது. செயற்கைச் சாயத் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. அதாவது, கழுவப்போன ஊத்தையில்தான் இத்துறை பிறந்தது. 1907இல் பிரெஞ்சு வேதியியலாளர் யூஜேன் ஷூலேர் தலைமயிருக்கான செயற்கைச் சாயமொன்றை உருவாக்கினார். 1909இல் அவர் தொடங்கிய கம்பனியே பின்னர் லோரியல் ஆனது.

நிலைச்சாயங்கள் பலவற்றில் பரா-பினைலீன்டைஅமீன் என்ற பொருள் உண்டு. அது நிறமற்ற சிறு மூலக்கூறாக மயிருக்குள் நுழைகிறது. ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற ஒட்சியேற்றி அதை உள்ளே வைத்தே மற்ற மூலக்கூறுகளோடு இணைத்துப் பெரிய நிற மூலக்கூறாக்குகிறது. பலகை பலகையாக ஏற்றி அறைக்குள் பூட்டிய அலுமாரி பிறகு வாசலால் வெளியே வராது அல்லவா, அதே கதைதான். பூசிய உடனே கருமை தெரியாமல் மெல்ல மெல்லக் கறுப்பதும் இதனால்தான். உடுப்பில் தெறித்த துளியை “ஒன்றுமில்லை, தண்ணிதான்” என்று விட்டுவிடுபவர் இந்த இடைவெளியில்தான் ஏமாறுகிறார்.

பருத்தி நாரிலும் இது நடக்கும். பொலியெஸ்ரர் எளிதில் உள்ளே விடாது. பட்டின் நிலைதான் பரிதாபம். மயிரைப் போலப் பட்டும் புரதம். சாயத்துக்குத் தலைக்கும் காஞ்சிபுரத்துக்கும் பேதம் தெரியாது.

5. நீக்கல் நெறிகள்

முதலில் ஊர்க் கொள்கை. “இதெல்லாம் எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியில ஒரு அலம்பலில போயிடும்” என்பது வெள்ளவத்தைப் பெரியவர்களின் துணிபு. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்படையிலிருந்து வரும் வன்னீர். அதில் சவர்க்காரம் நுரைப்பதே சிரமம். அம்பத்தலையில் சுத்திகரித்து வரும் களனி ஆற்று நீர் சலவைக்கு அதைவிட நல்லது. ஊர்ப்பற்றுக்கு மதிப்பளித்து இக்கொள்கை நிராகரிக்கப்படுகிறது.

ஏற்கத்தக்கவை வருமாறு. ஈரமான கறையைத் துணியின் பின்புறத்திலிருந்து குளிர்ந்த நீர் ஓடவிட்டு அலசி, பாத்திரம் கழுவும் திரவம் இட்டு மெல்லக் கசக்க வேண்டும். காய்ந்ததற்கு சேர்ஜிக்கல் ஸ்பிரிட்: அடியில் பழைய வெள்ளைத் துணியை வைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் கறை பரவும். பெர்கினுக்குச் சாயத்தைக் காட்டிக்கொடுத்த மதுசாரம் நமக்கு அதைக் கரைத்துத் தருவது வரலாற்றின் நீதி. வண்ணப் பருத்திக்கு ஒட்சிசன் வகை வெளிற்றித் தூளில் சில மணிநேர ஊறல். முதலில் உள்மடிப்பில் சோதிப்பது நல்லது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும் நீர்த்த குளோரீன் வெளிற்றி. அது அலுமாரியை உள்ளே வைத்தே கோடரியால் பிளக்கும் வழி. சுவரிலும் இரண்டு வெட்டு விழும். பட்டில் குளோரீன் பட்டால் கறையோடு சேலையும் கரையும். பட்டை லோண்டறியில் ஒப்படைத்து, நடந்ததை உள்ளபடி சொல்ல வேண்டும். கறை போகும்வரை எதற்கும் இஸ்திரி போடக்கூடாது. சூடு அதை நிலைநிறுத்தும்.

இவ்விடத்தில் ஆய்வாளர் நகைச்சுவையைக் கைவிடுகிறார். “எல்லாவற்றையும் கலந்தால் எல்லாம் போகும்” என்று குளோரீன் வெளிற்றியோடு வினாகிரியோ தேசிக்காய்ப் புளியோ சேர்த்தால் குளோரீன் வாயு எழும். அமோனியா சேர்ந்தால் இன்னொரு நச்சுவாயு. கதவடைத்த குளியலறையில் இது உயிருக்கே ஆபத்து.

6. முடிவும் பரிந்துரையும்

உடுப்பிலிருந்து இலகுவாகப் போகும் சாயம் தலையிலிருந்தும் இலகுவாகப் போகும். தலையில் நிற்கும் சாயம் உடுப்பிலும் நிற்கும். ஒன்றை வாங்கிவிட்டு மற்றதைக் குறைசொல்வது நுகர்வோர் உரிமையில் அடங்காது. எனவே வீட்டுக்கொரு “டைச் சேட்டு” ஒதுக்கப்பட வேண்டும்: கறுப்பு நிறம், முன்பக்கப் பொத்தான், தலைவழியே கழற்றத் தேவையில்லாதது. அதோடு ஒரு கறுத்த துவாயும் பழைய தலையணை உறையும். கொழும்பில் இதற்கான செலவு பூச்சியம். அத்தகைய சேட்டு இல்லாத வீடு இவ்வாய்வில் அகப்படவில்லை. டை கரைக்க முன்னரே அதை உடுத்துக்கொள்ளுங்கள். துவாய் யாருடையது என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.