சூரியன் பார்க்க வந்தவர் புழு பிடித்த கதை

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி காலையில் திருகோணமலையில் சூரியன் முழுதாக மறையப்போகிறது என்று இலண்டனில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள். நல்ல கணக்கு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் டிசம்பரில் திருமலைக்கு மேல் என்ன இருக்கும் என்று அறியக் கணக்கு ஒன்றும் வேண்டாம், அண்ணாந்து பார்த்தால் போதும். வாடைக்காற்று வங்காள விரிகுடாவில் இருக்கிற தண்ணீரையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்து எங்கள் கூரையில் கொட்டுகிற மாதம் அது. பாதி வருடத்துக்கு மேல் வெயில் காய்கிற ஊருக்குக் கிரகணம் மாரியில்தான் வந்து சேர்ந்தது.

இந்தக் கிரகணத்தைப் பார்க்க இலண்டனிலிருந்து கிளம்பிய படையெடுப்புக்குத் தலைவர் நோர்மன் லொக்யர். போர் அமைச்சில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் சூரிய ஒளியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தே பேர் எடுத்தவர். 1869இல் ‘நேச்சர்’ என்ற சஞ்சிகையையும் தொடங்கி வைத்திருந்தார். அக்டோபர் இறுதியில் ‘மிர்சாபூர்’ என்ற கப்பலில் ஆட்களும் கண்ணாடிகளும் குழாய்களும் புறப்பட்டன. இந்தப் பக்கம் வந்ததும் பங்கு பிரித்தார்கள். லொக்யர் தனக்கு காசர்கோட்டுப் பக்கம் பேக்கல் கோட்டையை வைத்துக்கொண்டார். கடற்கரை, காற்று, கொத்தளம். தலைவர் என்றால் அப்படித்தான் இருக்கவேண்டும். ஒரு கோஷ்டி புதுக்கோட்டைக்கு, ஒரு கோஷ்டி யாழ்ப்பாணத்துக்கு. திருகோணமலைக்கு வாய்த்தவர் ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி. வயது 27. ஒக்ஸ்பேர்ட்டில் இயற்கை விஞ்ஞானம் படித்தவர். மனசு முழுக்கப் பூச்சி புழு. அவர் கையில் நிறமாலைமானியைக் கொடுத்து, சூரியனைப் பார் என்று அனுப்பினார்கள்.

உள்ளூரில் இந்தக் கிரகணத்துக்காக யாரும் வெள்ளைக்காரனை எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை. பஞ்சாங்கம் இருந்தது. பஞ்சாங்கக்காரரின் திறமை எப்படிப்பட்டது என்பதற்குச் சாட்சி, ஜோன் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட ‘கால சங்கலித’ என்ற புத்தகம். புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், தாள் இல்லை, பேனா இல்லை, தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாட்டைக் கொண்டு, அந்த வருடத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் பிசகு 4 நிமிடம். நடுவில் 23. முடிவில் 52. முடிகிற நேரத்துக்கு நம்மில் யார்தான் எந்தக் காரியத்திலும் உத்தரவாதம் தந்திருக்கிறோம்?

அன்றைய படம் பிடிப்பு ஒரு தனிக் கூத்து. ஈரக் கொலோடியன் முறை. கண்ணாடித் தகட்டில் பசையை ஊற்றி, வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் காயுமுன் கமராவுக்குள் சொருகி, படம் எடுத்து, அதே சூட்டில் ஓடிப்போய் இருட்டுக் கூடாரத்துக்குள் கழுவவேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் தகடு செத்தது. யாழ்ப்பாணத்தில் கப்டன் ஹொக் இந்த முறையில்தான் சூரியனைச் சுற்றியுள்ள ஒளிவட்டத்தைப் படம் எடுத்தார். கிரகணத்துக்கு அது போதும், முழு இருட்டு இரண்டு நிமிடத்தை ஒட்டித்தான். விண்ணில் புகையாகத் தெரிகிற நெபுலாக்களுக்கு அது உதவாது. அவற்றின் வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். மணிக்கணக்கில் வாயைத் திறந்து வைத்திருக்கிற தகடு வேண்டும்.

அந்தத் தகட்டுக்கு வழி அதே 1871 செப்டம்பரில், மிர்சாபூர் புறப்படுவதற்குச் சில வாரம் முன்னால், இலண்டன் புகைப்படப் பத்திரிகை ஒன்றில் அச்சாகிவிட்டது. எழுதியவர் ரிச்சர்ட் லீச் மடொக்ஸ் என்ற டொக்டர். ஜெலற்றின் பூசிய உலர் தகடு. இன்றைக்குச் செய்து வைத்து, ஆறுதலாக எடுத்து, நாளைக்குக் கழுவலாம். அவர் தன் பரிசோதனையை அரைகுறை என்றே சொல்லி, மற்றவர்கள் திருத்தட்டும் என்று விட்டுவிட்டார். திருத்தி முடிக்கச் சில வருடம் ஆனது. ஆகவே இந்தியப் பெருங்கடலில் போய்க்கொண்டிருந்த கப்பலில் பசையும் வெள்ளியும் குலுங்கிக்கொண்டுதான் வந்தன.

மோஸ்லிக்குக் கமராவோடு மல்லுக்கட்டுகிற வேலை இல்லை. அவருடைய வேலை நிறமாலை. இரண்டு வருடம் முன்பு அமெரிக்கர்கள் இருவர் சூரிய ஒளிவட்டத்தில் ஒரு பச்சைக் கோட்டைக் கண்டிருந்தார்கள். பூமியில் உள்ள எந்தத் தனிமமும் அந்த இடத்தில் பச்சை காட்டியதாகத் தெரியவில்லை. அப்படியானால் புதுத் தனிமம்தானே? பேரும் வைத்தார்கள்: கொரோனியம். வானத்தில் இதற்கு ஒரு மூத்த சகோதரமும் உண்டு. 1864இல் வில்லியம் ஹகின்ஸ் என்பவர், துணிக்கடையை விற்றுவிட்டுத் தோட்டத்தில் தொலைநோக்கி வைத்தவர், திராகோ மண்டலத்தில் ஒரு நெபுலாவை நிறமாலைமானியில் பார்த்தார். வானவில் வரும் என்று காத்திருந்தவருக்குக் கிடைத்தது பிரகாசமான பச்சைக் கோடு. கருவி கோணிவிட்டதோ என்று முதலில் சந்தேகித்தாராம். அதற்கும் யாரும் சொந்தம் கொண்டாடாததால் நெபுலியம் என்று பேர் வந்தது. விளங்காததற்குப் பேர் வைத்துவிட்டால் விளங்கிவிட்டது மாதிரி ஒரு நிம்மதி. அரச அலுவலகங்களிலும் இதைத்தான் காண்கிறோம்.

மோஸ்லி திருமலையில் பயனுள்ள அவதானங்களைச் செய்தார், வாழ்க்கைக் குறிப்புகளிலும் அது இடம்பிடித்தது. ஆனால் மனுஷனுக்கு இலங்கையில் உண்மையான லாபம் தரையில் கிடைத்தது. ஈர மண்ணிலும் உக்கிய கட்டைக்கு அடியிலும் நெளிகிற தட்டைப்புழுக்களைச் சேர்த்துக்கொண்டு போனார். 1874இல் இலங்கை நிலத் தட்டைப்புழுக்களின் உடற்கூறு பற்றி ரோயல் சொசைற்றியின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். சூரியனைப் பார்க்க அரசாங்கம் அனுப்பிய செலவில் புழுவுக்குப் பெருமை. நிறமாலைக் கோடு இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும், புழு எங்கே ஓடும்? கட்டுரை அச்சாகுமுன்பே, கிரகணத்துக்கு அடுத்த வருடமே, ‘சலஞ்சர்’ கப்பலில் உலகம் சுற்றப் போய்விட்டார்.

இதற்குள் உலர் தகடு தயாராகிவிட்டது. 1880 செப்டம்பர் 30ஆம் திகதி நியூயோர்க் அருகே ஹென்றி டிரேப்பர் என்ற டொக்டர், 51 நிமிடம் தகட்டைத் திறந்து வைத்து, ஒரையன் நெபுலாவின் முதல் படத்தை எடுத்தார். 1883 ஜனவரியில் இலண்டன் ஈலிங்கில் ஆன்றூ ஏன்ஸ்லி கொமன் 37 நிமிடத்தில் அதைவிட நல்ல படம் எடுத்தார். கண்ணால் தொலைநோக்கியில் பார்த்தபோது தெரியாத நட்சத்திரங்கள் தகட்டில் விழுந்திருந்தன. கொமனின் தொழில் என்ன? கழிவுநீர், சுகாதாரப் பொறியியல். பகலில் சாக்கடை, இரவில் ஒரையன். ரோயல் வானியல் சங்கம் தங்கப்பதக்கம் கொடுத்தது. குமாஸ்தா, துணிக்கடைக்காரர், டொக்டர்கள், சாக்கடை இஞ்சினியர்: நெபுலாக் கதையில் சம்பளத்துக்கு வானம் பார்த்தவனைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

மோஸ்லிக்கு 1887இல் ஒரு மகன் பிறந்தான். ஹென்றி க்வின் ஜெப்ரிஸ் மோஸ்லி. மகனுக்கு நாலு வயது நிரம்புமுன் தகப்பன் போய்விட்டார். 1913இல் இந்த மகன் எக்ஸ் கதிர் நிறமாலைகளை அளந்து, ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு முழு எண்தான் இலக்கம் என்று நிறுவினார். அதாவது தனிமங்கள் வரிசையில் உட்கார்ந்துவிட்டன. எந்தக் கதிரை காலி என்று எண்ணிச் சொல்லிவிடலாம். கொரோனியமும் நெபுலியமும் வந்து உட்கார அங்கே இடமே இல்லை. தகப்பன் திருமலையில் நிறமாலைமானியோடு நின்ற காலத்துப் புதிருக்கு மகன் கதவைச் சாத்தினார். 1915இல் கல்லிப்பொலிப் போரில் சுடப்பட்டு இறந்தபோது அவருக்கும் வயது 27.

சாத்திய கதவுக்கு வெளியே நின்ற இரண்டு பச்சையும் யார்? 1927இல் ஐரா போவன் கலிபோர்னியாவில் கண்டுபிடித்தார்: நெபுலியம் என்பது நாம் மூச்சு விடுகிற ஒட்சிசன்தான், இரண்டு எலக்ட்ரோன்களைத் தொலைத்த கோலத்தில். நெபுலாவில் வாயு அவ்வளவு ஐதாக இருப்பதால், கிளர்ந்த அணு பல விநாடி ஒருவரோடும் முட்டாமல் தனியே இருந்து தன் பச்சையை வெளியே விடுகிறது. பூமியில் எந்த ஆய்வுகூடக் குழாயிலும் அந்த நிம்மதி அதற்குக் கிடையாது, விடுமுன் இன்னொன்று வந்து இடித்துவிடும். கொரோனியம் 1939ஐ ஒட்டிய வருடங்களில் குரொட்ரியான், எட்லென் என்ற இரண்டு விஞ்ஞானிகளிடம் அகப்பட்டது. அது வெறும் இரும்பு. பத்து லட்சம் பாகைச் சூட்டில் 13 எலக்ட்ரோன்களை இழந்த இரும்பு.

1955 ஜூன் 20ஆம் திகதி இந்தத் தீவுக்கு மேல் இன்னொரு முழுக்கிரகணம் போனது, அந்த நூற்றாண்டின் ஆக நீண்டது. அதிகபட்சம் 7 நிமிடம் 8 விநாடி. ஹிங்குராக்கொடைப் பக்கம் கருவிகளை நிறுத்தி வைத்த வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்கு மேகம் காட்சி கொடுத்தது. தெற்கிலோ, கிரகண நேரத்தில் வசம்பு மருந்து குடித்தால் மேனி சிவக்கும் என்ற பேச்சை நம்பிக் குடித்த பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன கதையை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். விஞ்ஞானிகளாவது வெறும் வயிற்றோடு திரும்பினார்கள்.

இப்போது நெபுலாவின் அந்தப் பச்சை, படம் பிடிப்பவர்களுக்காகக் கடையில் விற்பனைக்கு இருக்கிறது. 500.7 நனோமீற்றரை மட்டும் விடுகிற ஒட்சிசன் வடிகட்டி; சிவப்புக்கு 656.3இல் ஐதரசன் வடிகட்டி. துறைமுக வெளிச்சமும் சீனக்குடா ஆலை வெளிச்சமும் வானத்தில் பூசுகிற பாலில் பெரும்பங்கை இவை தள்ளிவிடும். தகட்டுக்குப் பதில் உணரி. ஐந்தைந்து நிமிடமாக 48 படம் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நாலு மணி நேரம். டிரேப்பரின் 51 நிமிடம் எங்கே கிடக்கிறது!

ஆனால் ஊர் விடவேண்டுமே. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகரும்; அதைத் தொடருகிற அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரே வைக்கவேண்டும். திருமலையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எட்டரைப் பாகைதான். பனைக்கோ, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்கோ, கடல் மூட்டத்துக்கோ பின்னால் இருக்கும். உப்புக்காற்றில் வில்லை வேர்க்கும். நேவி முகாம் எங்கும் இருக்கிற ஊரில், நள்ளிரவில் முக்காலியில் குழாய் பூட்டிக் கடலைப் பார்க்க நிறுத்தினால், “தம்பி, இது என்ன?” என்று கேட்பவர் அநேகமாக வானியல் சங்கத்தவராக இருக்கமாட்டார். போர் நடந்த வருடங்களில் இதை நினைத்துப் பார்த்தவனே அதிகம் துணிந்தவன்.

இன்னொரு விசேஷம்: டிரேப்பரும் கொமனும் கொண்டாடிய ஒரையன் நடு இரவில் உச்சிக்கு வருவது டிசம்பரில். மேலே என்ன கொட்டிக்கொண்டிருக்கும் என்று சொல்லிவிட்டேன். திருமலைக்காரனுக்கு விதித்தது மேயிலிருந்து செப்டம்பர் வரை. இலண்டன்காரர் ஆயுள் முழுக்கக் காத்திருந்தாலும் கிடைக்காத கரீனா நெபுலா மே மாதத்து முன்னிரவில் தெற்கே நிற்கும். மே மாதத்தில்தான் வெசாக்கும் வரும். அன்று பௌர்ணமி, போதாததற்குத் தெருத் தெருவாகக் கூடு கட்டி விளக்கு ஏற்றுவார்கள். கமராவைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, இலவசச் சாப்பாடு கொடுக்கிற தன்சலில் வரிசைக்குப் போய் நிற்கவேண்டியதுதான். சாப்பாடு நன்றாக இருக்கும்.