துபாய் மாப்பிள்ளை, வியாசர்பாடி தாத்தா

சென்னை வியாசர்பாடியில் கல்யாணப் பத்திரிகை அடித்தால் மாப்பிள்ளை பெயருக்குக் கீழே பி.காம்., பி.இ. என்று போடுவார்கள். படிப்பு கொஞ்சம் இடித்தால் அடைப்புக்குறிக்குள் ‘துபாய்’ என்று போட்டுவிடுவார்கள். பெண் வீட்டாரும் அதற்கு மேல் கேட்பதில்லை. பையன் அங்கே ஆபீஸில் கணக்குப் பார்க்கிறானா, அல் கூஸ் லேபர் கேம்ப்பில் இரண்டடுக்குக் கட்டிலில் மேல் தட்டில் படுக்கிறானா என்பதெல்லாம் அந்த அடைப்புக்குறிக்குள்ளேயே அடங்கிவிடும்.

என் தாத்தா காலத்தில் இந்த மரியாதை பின்னி மில்லுக்கு இருந்தது. 1996-ல் மில் மூடியது. அப்புறம் சினிமாக்காரர்கள் சண்டைக் காட்சி எடுக்கத்தான் கேட்டைத் திறந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களின் வேலையைக் கன்டெய்னரும் கிரேனும் எடுத்துக்கொண்டன. சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையம் ஒன்றை நடத்துவதே துபாய்க் கம்பெனியான டி.பி. வேர்ல்டுதான். ஆக, துபாய்க்காரர் இங்கே வந்து பெட்டி இறக்குகிறார்; நம்மாள் அங்கே ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போய்ப் பெட்டி இறக்குகிறான். நடுவில் விமானக் கம்பெனி பிழைக்கிறது.

என் சித்தப்பா அங்கே இருபது வருஷம் சாரம் கட்டினார். புர்ஜ் கலீஃபாவைக் கட்டியதே தான்தான் என்பார். இதில் ஒரு சிக்கல். எங்கள் ஏரியாவில் துபாய் போய் வந்த எல்லாருமே புர்ஜ் கலீஃபா கட்டியவர்கள்தான். ஏசி மெக்கானிக், டிரைவர், சலூனில் முடி வெட்டியவர் உட்பட. இத்தனை பேர் கை கொடுத்தும் 828 மீட்டர் கட்டடத்துக்கு 2004-லிருந்து 2010 வரை ஏன் ஆயிற்று என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அந்த ஊர் ஒரு ஆசையும் காட்டுகிறது: ஓய்வுக்காலத்தை இங்கேயே கழியுங்கள் என்கிறது. 2020-ல் துபாய் இதற்கென்று ஒரு விசாவையே அறிவித்தது. 55 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து வருஷத்துக்குத் தருவார்கள், பிறகு புதுப்பிக்கலாம். அறிவித்தபோது போட்ட நிபந்தனை: மாதம் 20,000 திர்ஹாம் வருமானம், இல்லாவிட்டால் 10 லட்சம் திர்ஹாம் சேமிப்பு, அதுவும் இல்லாவிட்டால் அங்கேயே சொந்த வீடு. இன்றைய மதிப்பில் 10 லட்சம் திர்ஹாம் என்பது இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். வியாசர்பாடியில் இரண்டு கோடியைப் பார்த்தவர் யாரும் இருந்தால் அவர் அண்ணா நகருக்குக் குடி போயிருப்பார்.

இதைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். கேரம் போர்டில் பவுடரைத் தேய்த்துக்கொண்டே கேட்டார். “எனுக்கு பேசிக் ஆயிரத்தி எறநூறு. எவ்ளோ வருஷத்துல வரும், போடு கணக்க.”

போட்டேன். அந்த நாட்டுச் சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் கிராஜுவிட்டி. அதற்கு மேல் வருஷத்துக்கு 30 நாள். இருபது வருஷத்துக்கு அவருக்குச் சேர்ந்தது 22,200 திர்ஹாம். இதே வேகத்தில் போனால் 10 லட்சத்தைத் தொட எண்ணூறு வருஷத்துக்கு மேல் சாரம் கட்ட வேண்டும். அதுவும் ஆகாது. மொத்த கிராஜுவிட்டி இரண்டு வருஷச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று சட்டம் முன்ஜாக்கிரதையாகச் சொல்லியிருக்கிறது.

“எண்ணூறு வருஷமா? அதுக்குள்ள நான் கட்டுன பில்டிங்கயே இடிச்சிடுவானுங்கடா” என்று ரெட் காயைப் பாக்கெட்டில் தள்ளினார்.

ஆனால் துபாயிலிருந்து அவர் ஒரு சட்டத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். அங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக்கூடாது. வெயில் அப்படி. சித்தப்பா அந்தச் சட்டத்தை வியாசர்பாடியில் பன்னிரண்டு மாதத்துக்கும் நீட்டித்துவிட்டார். சித்தி அந்நேரத்தில் ரேஷன் கடைக்குப் போகச் சொன்னால், “கவுர்மென்ட்டு ரூல்சு” என்று திரும்பிப் படுப்பார். எந்த கவர்மென்ட் என்று சித்தி கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

எங்கள் ஊருக்கு ரிட்டயர்மென்ட் விசா கிடையாது, விளம்பரமும் கிடையாது. செய்தால் என்னவென்று போடுவது? நல்ல மழை பெய்தால் கணேசபுரம் சுரங்கப்பாதை நீச்சல் குளமாகும் என்றா? இருந்தும் அத்தனை பேரும் இங்கேதான் திரும்புகிறார்கள். முன்பே பர்மாவிலிருந்து கப்பலேறித் திரும்பியவர்களில் பலரும் இந்தப் பக்கம் வந்து தங்கினார்கள். அதனால்தான் சாயங்காலம் தள்ளுவண்டியில் பர்மா நூடுல்ஸான அத்தோ கிடைக்கிறது. மைதானத்தில் பையன்கள் ஃபுட்பால் ஆடுகிறார்கள். சுவரோரம் உட்கார்ந்து தப்பு சொல்ல வயசானவர்களிடம் டிக்கெட் கேட்பதில்லை. மார்பு வலித்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில்தான். வரிசை நீளம், ஆனால் காசு இல்லை. துபாயிலோ வேலை போனால் கம்பெனி விசா போகும். விசாவோடு கம்பெனி எடுத்துக்கொடுத்த இன்சூரன்சும் போகும்.

என் தீர்ப்பு இதுதான்: சம்பாதிக்க அந்த ஊர், சாய்ந்து உட்கார இந்த ஊர். மாற்றிச் செய்தால் இரண்டு இடத்திலும் பட்டினி.

ஆனால் சாய்ந்து உட்காருகிறவருக்கும் மாத்திரை, கரண்ட் பில் உண்டு. சித்தப்பாவின் 22,200 திர்ஹாம் என் தங்கச்சி கல்யாணத்தில் ஒரே பகலில் தீர்ந்தது. பென்ஷன் என்று ஒரு பைசா இல்லை. கேரளத்துக்காரர்கள் இதில் கெட்டி. 2008-லேயே பிரவாசிகளுக்கென்று சட்டம் போட்டு, வெளிநாட்டில் இருக்கும்போதே மாதாமாதம் பணம் கட்டி, 60 வயதுக்கு மேல் பென்ஷன் வாங்குகிறார்கள். நம் அரசுக்கும் வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியம் இருக்கிறது. அதே மாதிரி ஒரு பென்ஷனை அதுவும் கொடுக்கட்டும். உங்கள் வீட்டுப் பையன் யாராவது துபாயில் இருந்தால், அடுத்த தடவை வீடியோ காலில் வரும்போது புர்ஜ் கலீஃபாவைக் காட்டச் சொல்லாதீர்கள். வாரியத்தில் பெயர் பதிந்தானா என்று கேளுங்கள்.