தேவதை ராணியும் இரண்டு பெண்களும்

கேள்வி: ஜென் சோவின் ‘தி ட்ரூ குயீன்’ இரண்டாம் பாகமாமே! முதல் பாகம் படிக்காமல் நேரே இதில் இறங்கலாமா? இரண்டு பெண்களின் காதல் கதை என்று தோழி சொன்னாள்.

பதில்: தாராளமாக. நாயகி மூனாவுக்கே முன்கதை தெரியாது. நினைவெல்லாம் அழிந்து, சகோதரி சக்தியோடு ஒரு மலாய்த் தீவில் கரை ஒதுங்கியவள். அவளே சமாளிக்கும்போது உங்களுக்கென்ன?

2015-ல் வந்த முதல் பாகமான ‘சார்சரர் டு தி கிரவுன்’ படித்திருந்தால் ஒரு லாபம்: அதில் அடங்காப்பிடாரியாகத் திரிந்த புருனெல்லா, 2019-ல் வந்த இதில் லண்டனில் பெண்களுக்கு மந்திரப்பள்ளி நடத்துவதைப் பார்த்துச் சிரிக்கலாம். தேவதை ராணியோ, காணாமல்போன தன் மந்திரப்பொருளுக்காக இங்கிலாந்தையே மிரட்டுகிறாள். நகை தொலைந்தால் முதல் சந்தேகம் அண்டை வீட்டின் மேல்தானே!

காதலா? மூனாவும், அந்தப் பள்ளியில் அவள் சந்திக்கும் ஹென்ரியட்டாவும்தான் ஜோடி. ஆனால் ரசத்தில் பெருங்காயம் போட்ட அளவுதான். மணக்கும், கரண்டியில் அகப்படாது. எனக்கு அது குறைதான். அரண்மனைச் சூழ்ச்சிக்குக் கொடுத்த பக்கங்களில் பத்தையாவது இவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். எழுதியவர் வழக்கறிஞரும்கூட, வாதத்தில் இருக்கும் தாராளம் முத்தத்தில் இல்லை.